வாசனை வராத பெயிண்ட்

கஜபதி எல்லா டப்பாக்களையும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்.

சென்னை பாடியில் லாரிகள் திரும்பும் இடத்துக்கு எதிரே அவருடைய ஹார்டுவேர் கடை. மற்ற கம்பெனிகளின் பெயிண்ட் டப்பாக்கள் பளபளவென்று முகம் காட்டி நிற்க, மணவாளன் தயாரிக்கும் ‘நீர்மலர்’ மட்டும் வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளைகளைப் போல முதுகைக் காட்டி நின்றது.

“என்னண்ணே இது?” என்றான் மணவாளன்.

“நீ இன்னா பண்ணி வெச்சிக்கீறே, அத்தச் சொல்லு மொதல்ல. தன் சரக்கப் பத்தித் தானே எவனாச்சும் புகார் எழுதுவானா நைனா?”

“புகார் இல்லண்ணே. விவரம்.”

“இன்னா பெரிய வெவரம்! காலைல ஒருத்தர் வந்தாரு, திருமுல்லைவாயல்ல ஊடு கட்டிகினு கீறாரு. டப்பாவ எடுத்தாரு, கண்ணாடி போட்டுப் படிச்சாரு. ‘மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் ஒரு வாரத்துக்கு அந்த அறையில் படுக்க வேண்டாம்.’ சூடு பட்ட மாரி கீழ வெச்சிட்டாரு. ‘எழுதாத டப்பா எது கீதோ அத்தக் குடு’ன்னு வாங்கிகினு பூட்டாரு. எழுதாத டப்பாவுல இன்னா கீதுன்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா நிம்மதியாப் போனாரு, பாரு.”

மணவாளனுக்குத் தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கஜபதி சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

டப்பாவில் அந்த விவரச் சீட்டை ஒட்டச் சொல்லி யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. சட்டம் கேட்கவில்லை, போட்டிக் கம்பெனிகள் போடவில்லை. வெளிநாடுகளில் சில இடங்களில் பெயிண்ட், பலகை, பசை செய்பவர்கள் தாங்களாகவே முன்வந்து, தங்கள் பொருள் வீட்டுக்குள் இருக்கும் காற்றை எவ்வளவு கெடுக்கிறது என்று அளந்து டப்பா மேலேயே போடத் தொடங்கிவிட்டதாக ஒரு தொழில் பத்திரிகையில் படித்தான். படித்த அன்றிலிருந்து அவனுக்கு அதே நினைப்பு. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டு கலக்கும் தொட்டியும் ஆறு ஆட்களுமாக ஒரு சின்ன ஷெட்டில் பெயிண்ட் செய்பவனுக்கு இது தேவையா என்று அவன் மனைவிகூடக் கேட்டாள். தேவைதான் என்று அவன் நினைத்தான். ஏன் தேவை என்பதை யார் கேட்டாலும் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான்.

பெயிண்டில் மூன்று சமாச்சாரம் இருக்கிறது. நிறம் தரும் தூள் ஒன்று. அந்தத் தூளைச் சுவரோடு பிடித்துவைக்கும் பிசின் ஒன்று. இரண்டையும் பிரஷ்ஷில் ஏறும்படி இளக்கித் தரும் திரவம் ஒன்று. தூளும் பிசினும் சுவரிலேயே தங்கிவிடும். திரவம் தங்காது. பெயிண்ட் காய்ந்துவிட்டது என்று சொல்கிறோமே, அந்தத் திரவம் எங்கே போயிற்று? அறைக்குள் போயிற்று. சன்னல் திறந்திருந்தால் தெருவுக்குப் போகும், மூடியிருந்தால் நம் நெஞ்சுக்குள் போகும். எண்ணெய் பெயிண்டில் அந்தத் திரவம் டர்பன்டைன், தின்னர் வகையறா. ‘நீர்மலர்’ பெயிண்டில் பெரும்பாலும் தண்ணீர். பெரும்பாலும்தான், முழுக்க இல்லை. பிசின் நன்றாகப் பரவுவதற்கு வேறு ஒரு திரவம் கொஞ்சம் சேர்த்தாக வேண்டும். அந்தக் கொஞ்சத்தை மறைக்க மணவாளனுக்கு மனம் வரவில்லை. அதனால் சீட்டில் எழுதினான்: இதில் இன்னின்ன இருக்கிறது, அடித்த பிறகு ஒரு வாரம் சன்னல்களைத் திறந்து வையுங்கள், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் அதுவரை அந்த அறையில் படுக்க வேண்டாம், டப்பாவில் தண்ணீரைத் தவிர எதையும் கலக்காதீர்கள்.

நேர்மையாக எழுதியவன் டப்பாவில் மட்டும்தான் விஷம் இருக்கிறது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

“அண்ணே, பூந்தமல்லி பக்கம் நூம்பல்ல எங்க அக்கா வீடு முடியப் போவுது. முழுக்க நீர்மலர்தான். பால் காய்ச்சுறதுக்கு நீங்க வாங்க. வந்து ரெண்டு மணி நேரம் உக்காருங்க. அப்புறம் சொல்லுங்க.”

“வரேன், வரேன். சாப்பாடு கீது இல்ல?” என்றார் கஜபதி.

அக்கா அன்னம்மாளுக்கு இழுப்பு. சின்ன வயதில் இல்லை, இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு வந்தது. அம்பத்தூரில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டில் ஒரு பொங்கலுக்கு வீட்டுக்காரர் எண்ணெய் பெயிண்ட் அடித்தார். பனிக்காலம் என்று சன்னலைச் சாத்திப் படுத்தார்கள். விடிவதற்குள் அன்னம்மாள் நெஞ்சு விசில் அடிக்க, உதடு நீலம் பூக்க, ஆட்டோவில் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெயிண்ட் வாசனையே இல்லை, ஆனால் அங்கே நின்றுகொண்டிருந்த மணவாளனின் மூக்கில் அது இருந்துகொண்டே இருந்தது. அப்போது அவன் ஒரு பெரிய பெயிண்ட் கம்பெனியில் கெமிஸ்ட். அந்த வருடமே வேலையை விட்டான்.

இப்போது அக்கா புருஷன் கலியமூர்த்தி, தன் அப்பன் வழி வந்த நூம்பல் மனையில் வீடு கட்டிவிட்டார். அன்னம்மாளுக்கு அந்த வீட்டைப் பார்க்கப் பார்க்க ஆசை, உள்ளே போக பயம். “பெயிண்ட் அடிச்ச ஊட்டுல நான் படுப்பனாடா?” என்று தம்பியைக் கேட்டாள்.

“படுப்பக்கா. நான் சொல்றேன்.”

“நீ சொன்னா சரி. வேற யார் சொன்னாலும் நான் வரமாட்டேன்.”

அதனால்தான் மணவாளன் அந்த வீட்டைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டான். கதவுக்கும் சன்னலுக்கும் எண்ணெய் பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும். அதைத் தச்சுக் கொட்டகையிலேயே, வெட்டவெளியில், இரண்டு மாதம் முன்னதாக அடித்துக் காயவைத்துப் பிறகுதான் மாட்டச் சொன்னான். சுவருக்கு நீர்மலர். பெயிண்டர் மதுரைவீரனை உட்காரவைத்து, தூள், பிசின், திரவம் என்று தொடங்கி, எது சுவரில் நிற்கும், எது காற்றில் பறக்கும் என்பது வரை டீ ஆறும்வரை விளக்கினான்.

“புரிஞ்சிச்சா?”

“நல்லாப் பிரிஞ்சிச்சி சார். வாசனன்றது சொவுத்துலேர்ந்து வர்ல, அந்தத் தின்னர் தண்ணிலேர்ந்து வருது. உங்க பெயிண்ட்ல அந்தத் தண்ணி இல்ல, அதான் வாசன இல்ல.”

“அதே! டப்பாவுல தண்ணியத் தவிர எதையும் கலக்கக் கூடாது.”

“எழுதிக்கீறீங்களே சார். எத்தையும் கலக்க மாட்டேன்.”

இரண்டு வாரத்தில் வேலை முடிந்தது. பார்க்க வந்த கலியமூர்த்தி ஒவ்வொரு அறையிலும் நின்று மூக்கை உறிஞ்சினார். திருப்தியாகவில்லை.

“மச்சான், பெயிண்ட் அடிச்சாச்சா இல்லியா?”

“கண்ணால பாக்குறீங்களே மாமா.”

“கண்ணுக்குத் தெரியுது. மூக்குக்குத் தெரியலியே. புது ஊடுன்னா உள்ள நொழஞ்சதும் கும்முன்னு ஒரு வாசன தூக்க வேணாவா? என் கம்பெனி ஆளுங்க எல்லாம் வராங்க. மச்சான்காரன் ஓசில குடுத்த சுண்ணாம்பத்தான் அடிச்சிக்கீறான்னு சொல்ல மாட்டானுங்க?”

“அந்த வாசனைதான் மாமா அக்காவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போச்சி.”

“அது வேற ஊடு.”

“வீடு வேற. வாசனை அதே வாசனை.”

“சரி, சரி. நீ படிச்சவன்” என்று கலியமூர்த்தி விட்டுவிட்டார். விட்டுவிட்டார் என்று மணவாளன் நினைத்தான்.

சீட்டில் சொன்ன ஒரு வாரமும் கழிந்து, தை மாதம், வெள்ளிக்கிழமை விடியலில் பால் காய்ச்சினார்கள். புகை ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் ஓமம் இல்லை. அன்னம்மாள் அடுப்படியில் நின்று, பால் பொங்கி வழிந்தபோது வாய்விட்டுச் சிரித்தாள். மாங்காட்டிலிருந்து வந்திருந்த நாத்தனார் நாகம்மாள் குலவையிட்டாள். எல்லாருக்கும் பால் கொடுத்து முடிந்ததும், புடவை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று அன்னம்மாள் படுக்கையறைக்குள் போனாள்.

போனவள் வெளியே வந்தபோது ஒரு கை சுவரிலும் மறு கை மார்பிலும் இருந்தது. நெஞ்சுக்குள் விசில் சத்தம் ஹாலில் நின்றவர்களுக்கே கேட்டது.

“அய்யய்யோ, ஆரம்பிச்சிடிச்சி!” என்று நாகம்மாள் கத்தினாள். “இந்தப் பெயிண்ட்தான்! அவனே டப்பா மேல எழுதிக்கீறானாமே, மூச்சுத் தொல்லகாரங்க படுக்கக் கூடாதுன்னு. எழுதியே குடுத்துட்டு அக்கா ஊட்டுக்கு அடிக்கிறானே, இவன இன்னா சொல்றது!”

மணவாளன் இன்ஹேலர் மருந்தை எடுத்து வந்து அக்கா வாயில் வைத்து இரண்டு முறை அழுத்தினான். காற்று வரட்டும் என்று வாசலுக்குக் கூட்டிப்போகப் பார்த்தான். வாசலில் விருந்தாளிகள் நெருக்கி நின்றார்கள். பூந்தமல்லி ரோட்டிலிருந்து பிரிந்து வரும் லாரிகள் கிளப்பிய புழுதி வேறு. அன்னம்மாள் தலையை ஆட்டிவிட்டு, தானாகவே அடுப்படிக்குள் போய் தரையில் உட்கார்ந்தாள்.

எல்லாரும் ஆளுக்கொன்று பேசினார்கள். மணவாளன் அக்காவின் முதுகில் கையை வைத்தபடி அந்த விசில் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். நீ சொன்னா சரி என்றாளே. நான் சொன்னேனே. தொட்டியில் எந்தத் தடவை எதைக் கூடப் போட்டேன், எந்தப் பீப்பாய் மாறிப் போயிற்று என்று மனம் ஷெட்டுக்கும் நூம்பலுக்குமாக ஓடியது.

மெதுவாக விசில் தணிந்தது. அன்னம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“இங்க பரவால்லடா. மூச்சு வருது.”

அப்போதுதான் மணவாளனுக்கு மண்டையில் உறைத்தது. அடுப்படிச் சுவருக்கும் அதே நீர்மலர். அதே டப்பா, அதே கை, அதே வாரம் அடித்தது. பெயிண்ட்தான் காரணம் என்றால் இங்கே மட்டும் எப்படி மூச்சு வருகிறது?

எழுந்தான். அடுப்படியில் மூக்கை வைத்தான், பால் தீய்ந்த வாசனைதான். ஹாலுக்கு வந்தான், லேசாக ஏதோ இருந்தது. படுக்கையறைப் பக்கம் நடக்க நடக்க அது கூடிக்கொண்டே போயிற்று. அறைக்குள் சன்னல்கள் எல்லாம் இறுக்கிச் சாத்திக் கிடந்தன. புழுதி புதுச் சுவரில் படியக் கூடாது என்று கலியமூர்த்தி சாத்தியது. உள்ளே கும்மென்று தூக்கியது, தின்னர். இந்த வீட்டுச் சுவரில் ஒரு சொட்டுகூட இருக்க முடியாத தின்னர். தண்ணீர் பெயிண்டில் தின்னரைக் கலந்தால் பால் திரிந்த மாதிரி திரிந்துபோகும், சுவரில் ஏறவே ஏறாது. அப்படியென்றால் சுவரிலிருந்து வரவில்லை.

சுவரில் மூக்கை வைத்தான். சுவரில் குறைவாக இருந்தது. நாற்காலி போட்டுப் பரண்மேல் எட்டிப் பார்த்தான்.

பரணின் இரு மூலையிலும் ஒவ்வொரு கொட்டாங்கச்சி. அதற்குள் மெஷின் துடைக்கும் பஞ்சு வேஸ்ட். வேஸ்ட் முழுக்கத் தின்னர்.

யோசித்துப் பார்த்தால் செய்தவன் கைகாரன்தான். பஞ்சுக்கு ஆயிரம் இழை, ஒவ்வோர் இழையிலிருந்தும் தின்னர் கொஞ்சம் கொஞ்சமாகப் பறக்கும், நாள்கணக்கில் நிற்கும். தின்னரின் ஆவி காற்றைவிடக் கனம், பரணில் வைத்தால் தண்ணீர் இறங்குவது போலக் கீழே இறங்கிக் கட்டில் மட்டத்தில் தேங்கும். சன்னலையும் சாத்திவிட்டால் கேட்கவே வேண்டாம். அன்னம்மாள் குனிந்து புடவை மடித்தது அந்தத் தேக்கத்துக்குள்.

கொட்டாங்கச்சிகளை ஏந்திக்கொண்டு ஹாலுக்கு வந்தான். மதுரைவீரன் இலை போடும் இடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“மதுரைவீரா, இது இன்னா?”

“வாசன சார்” என்றார் மதுரைவீரன், ஒளிக்க ஒன்றுமில்லாத முகத்தோடு.

“வாசனையா?”

“கலியமூர்த்தி அண்ணாத்த வாசன வேணும்னாரு. வாசன வந்தாத்தான் மிச்சக் கூலின்னாரு. டப்பாவுல எத்தையும் கலக்கக் கூடாதுன்னு நீங்க எழுதிக்கீறீங்க. நான் கலக்கல, ஒரு சொட்டு கலக்கல! வாசன அந்தத் தண்ணிலேர்ந்துதான் வருதுன்னு நீங்கதான சொன்னீங்க. அதான் நாலு நாளைக்கி முன்னாடியே தண்ணிய மட்டும் தனியா வெச்சேன்.”

மணவாளன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் சொன்ன பாடத்தை இவ்வளவு சுத்தமாக இதுவரை யாரும் புரிந்துகொண்டதில்லை.

“அடுப்படில வெக்கலியே, ஏன்?”

“அடுப்பு எரியுற எடத்துல தின்னர வெப்பனா சார்? இன்னா கேக்குறீங்க! ஹால்ல வௌக்கு கீது, அங்கயும் வெக்கல. எனக்குப் பொறுப்பு இல்ல?”

எல்லார் கண்ணும் கலியமூர்த்தி பக்கம் திரும்பியது. அவர் துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டார்.

“நான் வாசனதான் வேணும்னேன். கொட்டாங்கச்சில வைன்னா சொன்னேன்?”

“வேற எதுல வெக்கிறது அண்ணாத்தே? ஊதுபத்தி ஸ்டேண்ட்லயா?” என்றார் மதுரைவீரன்.

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மணவாளனுக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டாங்கச்சிகளைத் தூரத்தில் காலி மனையில் போய்க் கொட்டிவிட்டு வந்து, எல்லாச் சன்னல்களையும் திறந்துவிட்டான். மின்விசிறியைச் சன்னல் பக்கம் திருப்பி வைத்தான், கெட்ட காற்றை வெளியே தள்ள. அதற்குள் நாகம்மாள் வாசலில் புதிதாக வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: “பெயிண்ட் ஒத்துக்கலயாம். டப்பா மேலயே எழுதிக்கீதாம்.”

“பெயிண்ட் இல்ல நாகம்மாக்கா, தின்னரு! பரண்மேல தின்னரு!”

“அதான் தம்பி, பெயிண்ட் சாமான்தான?”

கலியமூர்த்தி அவன் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

“மச்சான், ஒரு ஒதவி. இப்ப எடுத்துட்ட இல்ல, சன்னல தொறந்துட்ட இல்ல. சாயங்காலம் சரியாப் பூடும்னு உங்க அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லு. மொத நாளு ராத்திரி புருஷன் பொண்டாட்டி புது ஊட்டுல அவங்க ரூம்ல படுக்கணும். இல்லன்னா எங்க சனங்க வாயிலேர்ந்து தப்ப முடியாது. நீ சொன்னாத்தான் அவ கேப்பா.”

“நாலு நாளா ஊறியிருக்கு மாமா. மெத்த, தலகாணி, புதுத் துணி எல்லாம் குடிச்சி வெச்சிருக்கும். ராத்திரி சன்னல சாத்துனதும் திரும்பக் கக்கும்.”

“உனக்கும் நல்லதுதான்டா. இன்னிக்கி அவ அந்த ரூம்ல படுத்தான்னா உன் பெயிண்டுக்குப் பேரு. படுக்கலன்னு வெச்சிக்கோ, இத்தினி பேரும் ஊருக்குப் போயி இன்னா சொல்வாங்க? யோசன பண்ணு.”

மணவாளன் யோசித்தான். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் மாங்காட்டிலும் வேலப்பன்சாவடியிலும் அஸ்திவாரம் தோண்டிவிட்டு நிற்பவர்கள். கஜபதி வேறு ஒரு தூணில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வார்த்தை. ‘சரியாப் பூடும்.’ பாதி உண்மைகூட. மருந்து கையில் இருக்கிறது, ஒன்றும் ஆகாமலும் போகலாம்.

அடுப்படிக்குப் போனான். அன்னம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாடா, உள்ள போலாமா?”

“அக்கா, பஞ்சு வேஸ்ட்ட எடுத்தாச்சி. காத்து இப்ப மாறிகினு இருக்கு. ஆனா துணி இருக்கு பாரு, அது ஒரு தடவ குடிச்சிச்சின்னா...”

“மணவாளா. போலாமா, வேணாமா?”

“வேணாம்” என்றான். “நாலஞ்சி நாள் ஆவட்டும். மெத்தய வெயில்ல போடணும்.”

வாசல்படியில் கலியமூர்த்தி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“அப்ப மொத ராத்திரி எங்க படுக்கிறது?” என்று நாகம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். “புது ஊட்டுக்காரி அடுப்பங்கரையிலயா பாய் போடுவா? நல்லாவா கீது?”

“ஆமா நாத்தனாரே, என் ஊட்டு அடுப்பங்கர” என்றாள் அன்னம்மாள். “உங்க தம்பி வேணும்னா அவரு வாசனயோட ரூம்ல போயிப் படுக்கட்டும்.”

விருந்து முடிந்து வெற்றிலை மென்றபடி கஜபதி மணவாளனைத் தேடி வந்தார்.

“நைனா, நானும் மூக்கால பாத்தேன். அடுப்பங்கரைல சுத்தமா ஒண்ணுமே இல்ல. நல்ல சரக்குதான்.”

மணவாளன் முகம் மலர்ந்தது. “அதான் அண்ணே நான் தலையால அடிச்சிக்கிறது.”

“ஒரு யோசன சொல்றேன், கேளு. ஜனங்களுக்கு வாசன வேணும். உன் டப்பாவுல வாசன இல்ல. டப்பாவுக்கு ஒரு பஞ்சு வேஸ்ட் ப்ரீன்னு குடுத்துப் பாரேன். நான் டப்பாவ எல்லாம் நேராத் திருப்பி வெக்கிறேன்.”

மணவாளன் வாயைத் திறந்தான். தூள், பிசின், திரவம் என்று தொடங்குவதற்குள் கஜபதி ஏப்பம் விட்டுச் செருப்பைத் தேடப் போய்விட்டார்.

மத்தியான வெயிலில் வீடு அடங்கியது. அன்னம்மாள் அடுப்படித் தரையில் பாயை விரித்துத் தூங்கிப்போயிருந்தாள். மணவாளன் நிலைப்படியில் நின்று காதைக் கொடுத்தான். மூச்சு இழை அறாமல் போய் வந்தது, விசில் இல்லை.

படுக்கையறைப் பக்கம் கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தான். கலியமூர்த்தி ஒரு சன்னலை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார்.

“லாரி போவுது மச்சான். புதுச் சொவுரு, புழுதியாப் பூடுதுல்ல.”

“மாமா” என்றான் மணவாளன், பல்லைக் கடித்துக்கொண்டு. “கைய எடுங்க.”